மூன்றாவது விண்மீனைப் பார்த்தவர்

என் கணவர் முரளிக்கு மூன்று வருடமாக விழித்திரையின் நடுப்பகுதி கெட்டுக்கொண்டு வருகிறது. நேராகப் பார்த்தால் நடுவில் ஒரு சாம்பல் திட்டு. என் முகம் தெரிய வேண்டுமென்றால் என் காதைப் பார்ப்பார். கல்லூரி நாளிலிருந்தே வானம் பார்ப்பதில் பித்துப் பிடித்தவர், "இனிமே எனக்கு எதுக்கு?" என்று தொலைநோக்கியை விற்றுவிட்டார். போன தை அமாவாசைக்கு, கடற்கரைக்குப் போகலாம் என்று பொய் சொல்லித்தான் அவரைப் புதுச்சேரிக்குக் கிளப்பினேன்.

விழுப்புரத்தில் மதியம் இரண்டரைக்குப் பேருந்து. நாற்பது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். பேருந்து நிலையத்திலிருந்து குருசுக்குப்பத்துக்கு ஆட்டோ நூற்றைம்பது ரூபாய்.

"கடலு பாக்கவாக்கா?" என்றார் ஓட்டுநர்.

"வானம் பாக்க" என்று உளறிவிட்டேன்.

"அது எல்லா எடத்துலயும்தான் இருக்கு!" என்று சிரித்தார். முரளி சிரிக்கவில்லை. இறங்கும்வரை முகத்தை வெளிப்பக்கமே திருப்பி வைத்திருந்தார்.

என் தம்பியின் நண்பர் நசீர் பாய் அங்கே ஸ்கூட்டர் வாடகைக்கு விடுகிறார். மொட்டை மாடியில் எட்டு அங்குலத் தொலைநோக்கி வைத்திருக்கிறார். ஏழரை மணிக்கு அதை 40 எரிடானி என்ற விண்மீன் பக்கம் திருப்பினார். வெறும் கண்ணுக்கு இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்பட வைக்கும் புள்ளி. உள்ளே பார்த்தால் ஆரஞ்சு நிறத்தில் ஒரு விண்மீன், சற்றுத் தள்ளி ஒரு வெள்ளைப் பொட்டு. அந்தப் பொட்டு, எரிந்து முடிந்த ஒரு விண்மீனின் மிச்சம். பூமியைவிடக் கொஞ்சம்தான் பெரிது, ஆனால் சூரியனின் எடையில் பாதிக்கு மேல் அதற்குள் அடங்கியிருக்கிறதாம். பதினாறு வருடம் பயணம் செய்த ஒளி என் கண்ணுக்குள் விழுந்துகொண்டிருந்தது. மூச்சுவிடவே பயமாக இருந்தது.

"மூணாவது ஒண்ணு இருக்குக்கா, செவப்பு. வெள்ளையும் அதுவும் ஒண்ண ஒண்ணு சுத்தி வர எரநூறு வருஷத்துக்கு மேல ஆவும். நேரா பாத்தா மறைஞ்சிடும், பக்கத்துல எங்கனா பாருங்க" என்றார் பாய்.

பத்து நிமிடம் முயன்றேன். ஒன்றும் தெரியவில்லை.

"நீங்க பாருங்களேன்" என்றேன் முரளியிடம். வேண்டாம் என்றவர், பாய் நாற்காலி போட்டதும் மறுக்க முடியாமல் உட்கார்ந்தார். கண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்கு நகர்த்தி நகர்த்திப் பார்த்தார்.

"வெள்ளைக்குப் பக்கத்துல... ஊசி முனை மாதிரி. இருக்கு. இருக்குடி!"

"எந்தப் பக்கம் சார்?" பாயின் குரல் மாறிவிட்டது.

"ஆரஞ்சு பக்கமா லேசா சாஞ்சாப்ல."

பாய் தன் நோட்டில் வரைந்து வைத்திருந்த படத்தைச் சிவப்பு டார்ச்சில் பார்த்தார். "அதேதான்! நான் சொல்லவே இல்லையே. எனக்கே ரெண்டு வருஷம் ஆச்சு சார், அது தெரிய."

ஓரத்தால் பார்க்க மூன்று வருடம் பழகிய கண் அது. முரளி இடத்தை விட்டு எழவில்லை. கண்ணீர் வழிய வழியத் துடைத்துக்கொண்டு மறுபடி மறுபடி பார்த்தார். அன்று இரவே திரும்புவதாக இருந்தோம். அவர்தான் இன்னொரு நாள் தங்கலாம் என்றார்.

போக நினைப்பவர்களுக்கு: ஜனவரி கடைசி, பிப்ரவரி முதல் பாதியில் அமாவாசையை ஒட்டிப் போங்கள். ஏழரை மணிக்கு 40 எரிடானி நல்ல உயரத்தில் இருக்கும். கண் இருட்டுக்குப் பழக, இருபது நிமிடம் முன்பே கைபேசியை அணைத்துவிடுங்கள். மறுநாளும் அரை மணி நேரம் பார்த்தேன். மூன்றாவது விண்மீனைப் பற்றி இங்கே எழுதியிருப்பதெல்லாம் முரளியும் பாயும் சொன்னது. நான் இன்னும் அதைப் பார்க்கவில்லை.