அருவிப் பாடத்தை வாய்ப்பாடாகப் படித்தவர்

குத்தாலிங்கம் அண்ணாச்சி இன்று காலையில் போய்விட்டார்.

தென்காசியில் பள்ளிக்கூடத்துக்கு எதிரே நோட்டு, பேனா, சார்ட் விற்றவர். தொண்ணூறைத் தாண்டிய வயது. ஆனாலும் ஊருக்கே அவர் அண்ணாச்சிதான்.

எனக்கு அவர் மேல் நிறையக் கோபம் உண்டு. செத்துப்போனார் என்பதற்காக அதையெல்லாம் விட்டுவிட முடியாது... அவரும் எதிர்பார்க்க மாட்டார்.

பள்ளியில் அடிக்கக் கூடாது என்று சட்டம் வந்த பிறகும் கடை மூலையில் ஒரு கட்டுப் பிரம்பு வைத்திருந்தார். அதன் பக்கத்திலேயே ஆக்டிவிட்டி சார்ட், கலர் பென்சில்.

"ரெண்டையும் ஒண்ணா விக்கீங்களே, நீங்க எந்தக் கட்சி அண்ணாச்சி?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"நான் யாவாரி வேய். கட்சியெல்லாம் எம்.எட். படிச்ச ஒமக்குத்தான்."

ஆமாம், எம்.எட். படித்தேன். அனுபவ வழிக் கற்றல் பற்றி ஆய்வும் எழுதினேன். பிறகு எனக்கு ஜூனியரான ஒருவர் பிரின்சிபால் ஆனதை வேடிக்கை பார்த்தேன். அவர் இந்தப் பதிவைப் படிப்பார்... படிக்கட்டும்.

அண்ணாச்சி எனக்குச் செய்ததுதான் பெரிய அநியாயம்.

ஆசிரியர்களுக்கு ஒரு ஒர்க்‌ஷாப் நடத்திக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் தொட்டும் பார்த்தும் செய்தும்தான் கற்க வேண்டும் என்று ஸ்லைடு ஓடுகிறது. சார்ட் கட்டை இறக்க வந்த அண்ணாச்சி பின்னாலிருந்து குரல் கொடுத்தார்.

"நாங்க வெள்ளக்காரன் காலத்துலயே அப்படித்தான் படிச்சோம், சார்வாள்!"

அவ்வளவுதான். மைக் அவர் கைக்குப் போய்விட்டது.

நாற்பதுகளின் தொடக்கம். அண்ணாச்சி ஐந்தாம் வகுப்பு. டிரெயினிங் முடித்துப் புதிதாக வந்த ராகவன் சார், "புத்தகத்த மூடுங்க, அருவிய அருவியிலதான் படிக்கணும்" என்று சொல்லி, வகுப்பையே மாட்டு வண்டியில் குற்றாலம் கிளப்பினாராம்.

பள்ளிக்கூட மேனேஜருக்கு இது பொறுக்கவில்லை. "நாளைக்கு நானே வந்து கேப்பேன். பயலுவ பதில் சொல்லலைன்னா நீரு வேற சோலி பாத்துக்கிடும்" என்று சொல்லிவிட்டார்.

போதாததற்கு, என்ன நடக்கிறது என்று பார்த்துச் சொல்ல சுப்பையா வாத்தியாரையும் கூடவே அனுப்பினார். வாய்ப்பாடும் பிரம்பும்தான் கல்வி என்றிருந்தவர் அவர்.

நல்ல சாரல். சுப்பையா வாத்தியார் பாறையில் குடையை விரித்து, பிரம்பைக் கக்கத்தில் இடுக்கி உட்கார்ந்திருந்தார். எண்ணெய் தேய்த்துவிடுகிற ஆள் ஒருவர் வந்து நின்றார்.

"ஒரு கை எண்ண வச்சுப் பாருங்க சார்வாள். பிடிக்கலைன்னா எந்திரிச்சிருங்க."

அவர் எழுந்திருக்கவில்லை. தேய்த்து முடித்ததும் நேரே அருவிக்குள் போனவரை வெளியே கூட்டிவரத்தான் நாலு பையன்கள் தேவைப்பட்டார்களாம்.

ராகவன் சார் இங்கே பாடம் எடுத்தார். "தண்ணிக்கு அடியில நின்னீங்களே, என்ன உணர்ந்தீங்க?"

"பசிக்கு, சார்வாள்!" வகுப்பு மொத்தமும்.

கட்டுச்சோறு காலி. அதில் பாதி சுப்பையா வாத்தியார் கணக்கு.

திரும்பும்போது வண்டியில் அவர்தான் ஆரம்பித்தார். "ஏலே, நாளைக்கு மேனேஜரு கேப்பாரு. என்னலே படிச்சிய?"

"குளிச்சோம் சார்வாள்."

"பொறவு?"

"தின்னோம்."

"வெளங்கும்! இதப் போய்ச் சொன்னியள்னா, இந்த மனுசன் நாளைக்கே மூட்டையக் கட்டணும். அடுத்த வருசம் நம்மள யாருலே இங்கன கூட்டியாருவா?"

பிரம்பு வெளியே வந்தது. வண்டிச் சட்டத்தில் தட்டித் தட்டி, இரண்டாம் வாய்ப்பாட்டு ராகத்தில் சொல்ல வைத்தார். மலையில் பெய்யும் மழை... பள்ளம் தேடும் தண்ணீர்... பாறை முடிந்தால் அருவி! தென்காசிக் கோபுரம் கண்ணில் படுகிற வரைக்கும் இதே பாட்டு.

ராகவன் சார் மாட்டு வாலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாராம். அந்த மனிதரின் வேதனை எனக்குப் புரிகிறது. வேறு யாருக்குப் புரியும்?

மறுநாள் மேனேஜர் வந்தார். கேட்டார். வகுப்பு கூரை பிய்யப் பாடியது. அவருக்குச் சந்தேகம்.

"இதெல்லாம் மனப்பாடம்லா? ஏலே குத்தாலிங்கம், நீ சொல்லு. தண்ணி மேல விழுதப்ப எப்படிலே இருந்துச்சு?"

இந்தக் கேள்விக்கு வண்டியில் பாட்டு இல்லை.

"ஆயிரம் பேரு சேந்து முதுகுல சாத்துத மாதிரி இருந்துச்சுய்யா. ஆனா வலிக்கல. சுப்பையா சார்வாள் ஒருத்தரு சாத்துனாத்தான் வலிக்கும்."

மேனேஜர் முதலில் சிரித்தார். பிறகுதான் மற்றவர்கள் சிரித்தார்கள். ராகவன் சாரின் வேலை தப்பியது.

ஒர்க்‌ஷாப் ஹாலில் கைதட்டல் அடங்கவில்லை. நான் விடாமல் எழுந்தேன். "பாத்தீங்களா! காப்பாத்துனது அந்தக் கடைசிப் பதில்தான். அது அனுபவம்! மனப்பாடம் இல்ல!"

"அப்படியா? பாட்டு இல்லைன்னா மேனேஜரு மொத கேள்வியிலயே எந்திரிச்சுப் போயிருப்பாரே வேய்."

"அப்ப எந்த முறைதான் சரி?"

"அது எனக்கென்ன தெரியும்? அடுத்த வருசம் சாரலுக்கு ரெண்டு வண்டி போச்சு. முன் வண்டில மேனேஜரு இருந்தாரு. மடியில எண்ணக் குப்பி."

அதற்குப் பிறகு என் ஸ்லைடை ஒருவரும் பார்க்கவில்லை. மதியச் சாப்பாட்டில் எல்லாரும் "பாறை முடிந்தால் அருவி" என்று பாடிக்கொண்டிருந்தார்கள். மரியாதை கெட்ட கூட்டம்... ரசத்துக்குக் கை நீட்டும்போது நானும்தான் முணுமுணுத்தேன்.

மாலையில் எடுக்கிறார்கள். கடைப் பக்கம் இப்போது நல்ல சாரல். குடையில்லாமல் நின்றுதான் இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

சீசன் பார்த்துக் கிளம்பியிருக்கிறீர்கள். போய் வாருங்கள், அண்ணாச்சி.