முதலில் யாரிடம் சொன்னாய்

ஒருவர் பட்ட துன்பம் யாருக்குச் சொந்தம்? பட்டவருக்கு மட்டும்தானா, அல்லது நாளைக்கு அதே துன்பம் வரப்போகிற, முகம் தெரியாத பெண்களுக்கும் அதில் பங்கு உண்டா? தூத்துக்குடியில், கப்பல் சரக்குக்குக் காகித வேலை முடித்துக் கொடுக்கிற ஒரு கிளியரிங் ஏஜென்சியில் வேலை பார்த்த ஆனியின் கடைசி ஆண்டுகள் இந்தக் கேள்வியைச் சுற்றியே கழிந்தன. அவள் அதை இந்தச் சொற்களில் கேட்டிருக்க மாட்டாள். வேறு யாராவது கேட்டிருந்தால் சிரித்திருப்பாள். போன ஆண்டு, முப்பத்தொன்பது வயதில் இறந்துபோனாள்.

தெருவில் அவளைத் தைரியசாலி என்கிறார்கள். இறந்தவர்களைப் பற்றி அப்படிச் சொல்லிவிடுவது எளிது. அவளோடு வேலை பார்த்தவர்கள் சொல்வது இதைவிட நம்பும்படி இருக்கிறது: வாய் அதிகம், வேலை சுத்தம். உப்பு ஏற்றுமதி செய்கிற ஒரு அண்ணாச்சி கப்பல் புறப்படுகிற நாளில்தான் காகிதங்களைக் கொண்டுவந்து கொட்டுவார். "அண்ணாச்சி, கப்பலப் பிடிச்சு நிறுத்த நான் என்ன நங்கூரமா?" என்பாள். சொல்லிக்கொண்டே வேலையை முடித்தும் கொடுப்பாள்.

கணவன் மெல்வின் சரக்குக் கப்பலில் போசன். மேல்தளத்து ஆட்களை வைத்து வேலை வாங்குகிற பொறுப்பு அது. ஒன்பது மாதம் கடலில், இரண்டு மூன்று மாதம் வீட்டில். கல்யாணமாகிப் பத்து வருடம் கழித்து ஆனி உண்டானாள். அவளுக்கு மூன்றாம் மாதம் நடக்கும்போது மெல்வின் கப்பலேறினான். வீட்டில் அவளோடு இருந்தது மெல்வினின் அக்கா பிளாரன்ஸ். கணவனை இழந்தவள். ஒரே மகன் ஜெனோ கத்தாரில்.

கப்பல்காரர் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. கடலில் இருப்பவனுக்குக் கெட்ட செய்தி சொல்ல மாட்டார்கள். கரைக்கு வர முடியாதவன் அதைக் கேட்டு என்ன செய்வான்? கையில் கம்பி வடத்தைப் பிடித்துக்கொண்டு மனது வேறெங்கோ இருந்தால் விரல் போகும், சில சமயம் ஆளே போவான். அதனால் மறைத்து வைப்பார்கள். மெல்வினின் அப்பா இறந்தது அவன் பிரேசில் பக்கம் போயிருந்த சமயம். ஊர் திரும்பும் வழியில், மும்பை விமான நிலையத்தில் இறங்கிய பிறகுதான் பிளாரன்ஸ் போனில் சொன்னாள். "எப்ப?" என்று மட்டும் கேட்டானாம். அதற்கப்புறம் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சரியாகத்தான் செய்திருக்கிறோம் என்று பிளாரன்ஸ் எடுத்துக்கொண்டாள்.

ஐந்தாம் மாதத்தில் ஆனி மலத்தோடு ரத்தம் போவதைப் பார்த்தாள். அன்றைக்கே பிளாரன்ஸிடம் சொன்னாள். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் நடந்தது எல்லாம் இதைப் பற்றித்தான்.

"ஏளா, இதுக்கா இப்படி முழிக்க?" என்றாள் பிளாரன்ஸ். "ஜெனோ வயித்துல இருக்கையில எனக்கும் இப்படித்தான். மூலச்சூடு. கருணைக்கிழங்க அவிச்சுத் தாரேன், தின்னு. நண்டு, கோழி ஒண்ணும் தொடாத."

"டாக்டரம்மாட்ட ஒரு வார்த்த கேட்டுருவமா மைனி?"

"கேக்கலாம். அந்த ஆஸ்பத்திரில பாதிப் பேரு கப்பல்காரன் பொண்டாட்டி. நீ ஸ்கேன் எடுக்க உக்காந்திருக்கத ஒருத்தி பாத்தா போதும். வாட்ஸ்அப்புல போட்டு, நீ வீட்டுக்கு வருமுன்ன அவனுக்குத் தெரிஞ்சிரும். அவன் கடல்ல நிக்கான்ளா. இங்கன ஒண்ணுன்னா அங்கன அவனுக்குக் கை ஓடாது."

இந்தப் பிழையை வேறு ஊரில் யாரும் இப்படிச் செய்திருக்க மாட்டார்கள். கப்பலுக்குச் செய்தி போகக் கூடாது என்பதற்காக, கரையிலிருந்த மருத்துவரிடமும் சொல்லாமல் விட்டார்கள். மாதாந்திரப் பரிசோதனையில் ரத்தம் குறைவு என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். கர்ப்பிணிகளில் பாதிப் பேருக்குக் கொடுப்பதுதான். அந்த மாத்திரையால் மலம் கறுக்கும், இறுகும். ஆகவே கறுத்ததற்கும் இறுகியதற்கும் காரணம் கிடைத்துவிட்டது. எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் கையில் இருந்ததால் யாரும் வேறு காரணம் தேடவில்லை.

ஆறாம் மாதத்தில் ஆனி அலுவலகத்தில் மேசை மேலேயே வாந்தி எடுத்தாள். வயிறு கல்லாகியிருந்தது. ஊர் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டு மதுரைக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு பெரிய மருத்துவமனையில், கர்ப்ப காலத்தில் வரும் குடல் புற்றுநோயை ஆராய்வதற்கென்றே ஒரு குழு இருந்தது. அறுவை மருத்துவர், மகப்பேறு மருத்துவர், புற்றுநோய் மருத்துவர், திசுவைப் பார்க்கிறவர், பிறந்த குழந்தைகளைப் பார்க்கிறவர் என்று பல துறைக்காரர்கள். அரிதான நோய். ஆறு வருடத்தில் அவர்கள் பார்த்த பெண்கள் இருபது பேர்கூட இல்லை.

பெருங்குடலின் கீழ்ப்பகுதியில் கட்டி. வழியை அடைக்கத் தொடங்கியிருந்தது. குழுவினர் ஆனியையும் உட்கார வைத்துக்கொண்டே பேசினார்கள், அது அவர்களுடைய வழக்கம். இப்போதே அறுத்தால் பிரசவ வலி முன்னதாக வந்துவிடலாம் என்றார் மகப்பேறு மருத்துவர். பிள்ளை பிறக்கும்வரை பொறுத்தால் கட்டி பொறுக்காது என்றார் அறுவை மருத்துவர் ஜெபசிங், நாசரேத்துக்காரர். எது சரி என்று நிச்சயமாகச் சொல்ல எங்களிடம் போதுமான அளவு முன்னனுபவம் இல்லை என்பதையும் அவரே ஒப்புக்கொண்டார். அந்த அறையில் பேசப்பட்டவற்றில் மதிக்கத்தக்கது அந்த ஒரு வாக்கியம்தான்.

ஆனி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "டாக்டரம்மா பிள்ளைக்காகப் பேசுதாங்க. நீங்க கட்டிக்கு எதிரா பேசுதீங்க. அந்த மூலையில இருக்கவங்க ரத்தத்தப் பத்திப் பேசுதாங்க. இதுல எனக்காகப் பேசுதது யாரு சார்?"

கதவருகில் இருந்த இளம்பெண் ஒருத்திதான் பதில் சொன்னாள். "அதுக்குத்தான் என்னை வச்சிருக்காங்க அக்கா. ஆனா நான் கேள்விதான் கேப்பேன்."

அவள் பெயர் ரேச்சல், சாத்தான்குளத்துக்காரி. நோயாளிகளோடு உட்கார்ந்து பேசி, நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்னால் என்ன நடந்தது என்று கேட்டறிவது அவள் வேலை.

"சரி, கேளு" என்றாள் ஆனி.

அன்று மாலை வார்டில் வைத்துக் கேட்டாள். "முதல்ல ரத்தத்தப் பாத்தப்ப யார்ட்ட சொன்னீங்க அக்கா?"

கட்டிலின் அடுத்த பக்கத்தில் பிளாரன்ஸ் பிளாஸ்கைத் திறந்து கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றது.

"யார்ட்டயும் சொல்லல. நாந்தான் கவனிக்காம விட்டுட்டேன்" என்றாள் ஆனி.

பிளாரன்ஸ் மறுபடி ஊற்றத் தொடங்கினாள். கஞ்சி தட்டில் வழிந்தது.

அறுவைக்கு ஆனியே சம்மதம் கொடுத்தாள். கணவரிடம் போனிலாவது ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் என்று ஜெபசிங் கேட்டுக்கொண்டார். "அவர் கரைக்கு வந்ததும் சொல்லுதேன் சார்" என்று முடித்துவிட்டாள். ஆனால் மெல்வின் சிக்னல் கிடைக்கிற நாளெல்லாம் வீடியோவில் கூப்பிடுவான். அதனால் பிளாரன்ஸ் ஊருக்குப் போய், வீட்டுப் படுக்கையறையின் பூப்போட்ட திரைச்சீலையைக் கழற்றி எடுத்துக்கொண்டு வந்தாள். கூப்பிடும்போது கட்டிலுக்குப் பின்னால் அதைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பக்கத்துக் கட்டில்காரி இதைப் பார்த்து, "படம் பிடிக்கீங்களா?" என்று கேட்டாள். "ஆமா, நாந்தான் கதாநாயகி, இவுங்க கேமராக்காரி" என்றாள் ஆனி. தையல் வலிக்கச் சிரித்தாளாம்.

கட்டியை எடுத்த பிறகும் பிள்ளை வயிற்றில் தங்கியது. கர்ப்பத்தோடேயே மருந்தும் ஏற்றினார்கள். ஒன்பதாம் மாதத் தொடக்கத்தில் அனிஷா பிறந்தாள், எடை குறைவாக, ஆனால் நன்றாக அழுதுகொண்டு.

மெல்வின் வந்தபோது குழந்தைக்கு நாலு மாதம். சாப்பிட்ட பிறகு பிளாரன்ஸ்தான் சொன்னாள். "எப்ப?" என்றான். சொன்னாள்.

"எனக்குத் தெரியும்" என்றான் மெல்வின். "என்னன்னு தெரியாது, என்னமோன்னு தெரியும். அந்தத் திரைச்சீலையில பூவெல்லாம் தலகீழா இருந்துச்சு. எங்க ரூம்ல எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா?"

"பொறவு ஏன்டா கேக்கல?"

"கேட்டா நீங்க ரெண்டு பேரும் பயந்துருவீங்கல்லா. நான் கடல்ல நின்னுகிட்டு என்னத்தச் செய்ய?"

இதை அன்பு என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். இருக்கலாம். இரண்டு பக்கமும் மற்றவருக்காக வாயை மூடிக்கொண்டு, நடுவில் ஒரு நோயை மறைத்து வைத்த அன்பு.

அன்று அவன் ஆனியிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டான். "முதல்ல யார்ட்ட சொன்ன?"

"யார்ட்டயும் சொல்லல."

அவன் நம்பினான். நம்பாமல் இருக்க அவனுக்கு என்ன காரணம் இருக்கிறது?

ஒன்றரை வருடம் நன்றாகப் போயிற்று. ஆனி வேலைக்குத் திரும்பினாள். மெல்வின் மறுபடி கப்பலேறினான். பிளாரன்ஸ்தான் குழந்தையைக் குளிப்பாட்டினாள், ஊட்டினாள், தூங்க வைத்தாள். அனிஷா முதலில் சொன்ன வார்த்தை "அத்த". அதை வைத்து ஆனி பிளாரன்ஸைக் கேலி செய்வாள். "எட்டு மாசம் நான் சுமந்தேன், பேரு உங்களுக்கு."

பிறகு ஒரு ஸ்கேனில் ஈரலில் நிழல் தெரிந்தது. மறுபடி மருந்து. ஜெபசிங் அவளிடம் எதையும் மறைக்கவில்லை. தள்ளிப்போடலாம் அம்மா, தடுக்க முடியுமா தெரியாது என்றார். இந்த முறை மெல்வினுக்குச் சொல்ல வேண்டாம் என்று பிளாரன்ஸ் சொல்லவில்லை. ஆனியே போன் போட்டுச் சொன்னாள், பின்னால் திரைச்சீலை எதுவும் இல்லாமல். அடுத்த துறைமுகத்தில் இறங்கி வருகிறேன் என்றான்.

அவன் வருவதற்கு முந்தின வாரம் ரேச்சல் தூத்துக்குடிக்கு வந்தாள். குழு தன் ஆய்வை முடிக்கும் கட்டத்தில் இருந்தது. எல்லாப் பெண்களையும் இன்னொரு முறை பார்த்துப் பேச வேண்டியிருந்தது.

பிளாரன்ஸ் குசினியில் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தாள். முன்னறையில் தரையில் உட்கார்ந்து அனிஷா ஒரு காலி மருந்து டப்பாவை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, முதல் தடவ ஒண்ணு கேட்டேன், ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. நீயும் விட மாட்ட போல."

"எல்லாரும் ஒண்ணு போலத்தான் சொல்லியிருக்காங்க. யார்ட்டயும் சொல்லல, நாந்தான் கவனிக்கலன்னு. அப்படியே எழுதினா, பெண்கள் வெளியே சொல்றதில்லைன்னு முடிவாகும். பொறவு நாங்க பெண்கள்ட்டதான் போய்ச் சொல்லுங்க, சொல்லுங்கன்னு பேசுவோம்."

"பேசுங்க."

"அவங்க ஏற்கனவே சொல்லியிருந்தா? கேட்டவங்கதான் கண்டுக்காம விட்டிருந்தா? அப்ப நாங்க தப்பான ஆள்ட்ட பேசிட்டிருப்போம். அடுத்தவளுக்கும் இதேதான் நடக்கும்."

காலடிக்கு வந்த டப்பாவை ஆனி அனிஷாவிடம் திருப்பி உருட்டிவிட்டாள். அவள் முன்னால் இருந்தது என்ன என்பது தெளிவு. உண்மையைச் சொன்னால் எங்கேயோ ஒரு பெண் ஒரு மாதம் முன்னதாக மருத்துவரிடம் போகக்கூடும். அதே உண்மை இந்த வீட்டுக்குள் நுழைந்தால், தம்பி தன் அக்காவைப் பார்க்கும் பார்வை மாறிவிடும். ஆனி போன பிறகு, மெல்வின் கடலில் இருக்கும் மாதங்களில், இந்தக் குழந்தைக்கு இருப்பது பிளாரன்ஸின் மடி ஒன்றுதான்.

"பேரு வெளிய வராது அக்கா. சத்தியமா" என்றாள் ரேச்சல்.

"பேரு வெளிய வாரதப் பத்தி யாரு கவலப்பட்டா?"

பிளாரன்ஸ் தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்தாள். ரேச்சலுக்கு ஒரு டம்ளர், ஆனிக்கு ஒரு டம்ளர். திரும்பிப் போகத் தொடங்கினாள்.

"மைனி" என்றாள் ஆனி. "இங்கன உக்காருங்க."

"அடுப்புல பால் இருக்குளா."

"நான் அணைக்கேன். இந்தப் பிள்ள ஒண்ணு கேக்கா. நீங்க சொல்லுங்க."

எழுந்து தன் நாற்காலியைப் பிளாரன்ஸுக்கு விட்டாள். குசினிக்குள் போய் அடுப்பை அணைத்தாள். அனிஷாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அந்த நாட்களில் அவளுக்குக் குழந்தையைத் தூக்குவதே பாடு. பிளாரன்ஸ் அவள் முகத்தைப் பார்த்தாள். ஆனி பார்க்கவில்லை. வெளியே போய்த் தெருக்கதவைச் சாத்திக்கொண்டாள்.

பிளாரன்ஸ் சொன்னாள். ஆகவே அந்தக் குழுவினர் இப்போது கடற்கரை ஊர்களில் கர்ப்பிணிகளோடு அவர்களைக் கூட்டிவருகிறவர்களையும் உட்கார வைத்துப் பேசுகிறார்கள். மெல்வினுக்கு யாரும் சொல்லவில்லை, பிளாரன்ஸே ஒரு நாள் சொல்லக்கூடும். ஆனி பிளாரன்ஸுக்குத் தண்டனை கொடுத்தாளா, பாதிரியாரிடம் பாவத்தைச் சொல்கிற பாவசங்கீர்த்தனம் போல ஒரு வாசலைத் திறந்துவிட்டாளா, அல்லது உண்மையைச் சொல்லவும் பொய் சொல்லவும் தெம்பில்லாமல் கைமாற்றிவிட்டாளா? உள்ளே என்ன பேசினீர்கள் என்று அவள் பிளாரன்ஸிடம் கேட்கவே இல்லை. ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று ரேச்சல் பின்னால் ஒரு முறை கேட்டபோது, "பால் பொங்கிரும்லா" என்றாளாம்.

அன்று அவள் கடற்கரை ரோடு வரைக்கும் நடந்தாள். துறைமுகத்துக்கு வெளியே முறைக்குக் காத்து நின்ற கப்பல்களைக் குழந்தைக்குக் காட்டிக்கொண்டு நின்றாள். ரேச்சலின் கார் தெருவைவிட்டுப் போகும்வரை வீட்டுக்குத் திரும்பவில்லை.