காற்றுக்கும் ஷிப்ட் போட்டேன்

காற்றின் மேல் கோபப்பட்ட ஆள் மண்ணூரிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

நானும் என் மனைவி ஸ்டெல்லாவும் ஒரகடத்தில் வேறு வேறு கம்பெனி, வேறு வேறு ஷிப்ட். நான் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழையும்போது அவள் டிபன் பாக்ஸோடு வெளியே போவாள். வாசலில் சாவியைக் கை மாற்றிக்கொள்வதுதான் எங்கள் குடித்தனம். அலையாய் அலைந்து இருவருக்கும் ஒரே வாரத்தில் லீவு வாங்கினோம். அந்தமானில் பாய்மரப் படகில் தீவு தீவாகச் சுற்றுவது என்று முடிவு.

கிடைத்த வாரத்தில் ஒரு நிமிஷம் வீணாகலாமா? எத்தனை மணிக்கு எந்தத் தீவு, எப்போது டீ, எப்போது குளியல் என்று கம்பெனியில் உற்பத்தி லைனுக்குப் போடுவதுபோலவே பிளான் போட்டேன். படகுக்காரர் அங்கே குடியேறிய நம் ஊர்க்காரர்தான். போனில் என் உயிரை வாங்கினார்.

“தம்பி, காத்து அடிச்சாத்தான் படகு போகும்.”

“எத்தனை மணிக்குண்ணே அடிக்கும்?”

“அதை நான் எப்படிப்பா சொல்றது?”

“டைம் கூடத் தெரியாம இன்னாண்ணே தொழில் பண்றீங்க!”

கத்திவிட்டுப் போனை வைத்தேன். வேலைக்குக் கிளம்பிய ஸ்டெல்லா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“யோவ், கடல்லயும் லைன் ஓட்டப் போறியா? உன்கூட சும்மா குந்திக்கினு பேசலாம்னுதான் நான் லீவு கேட்டேன். உன் பிளான்ல அதுக்கு எங்க டைம் கீது? நீயே போய்ட்டு வா, நான் வர்ல.”

சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. யார் மேல் என்றுதான் புரியவில்லை. கடைசியில் படகுக்காரருக்கே மறுபடி போன் போட்டேன்.

“அண்ணே, காத்து வந்தா போலாம்.”

“வரலேன்னா கத்த மாட்டியே?”

“வரலேன்னா படகு அங்கியே நிக்கட்டும்ணே. நாங்க பேசிக்கினு இருக்கோம்.”

அத்தனை திட்டு வாங்கிய மனிதர் சிரித்தார். ஸ்டெல்லாவோடு பேசுவதற்கென்று நான் இதுவரை ஒருநாள்கூட லீவு போட்டதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.