முருகனுக்காக நிறுத்திய முடி மாத்திரை

மலேசியாவுல, கிள்ளான் வெயில்ல ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு ஸ்கூல் வேன் ஓட்டினேன்னு சொன்னா சிரிப்பீங்க. எனக்கு அழுகைதான் வந்துச்சு, முருகனடியார்களே.

எனக்குத் தைராய்டு சுரப்பு கம்மி. ஆறு வருஷமா தினம் காலையில வெறும் வயித்துல மாத்திரை. நல்லாத்தான் இருந்தேன். போன வருஷம் டெங்கி வந்து முடி கொட்டுச்சுன்னு நாத்தனார் விக்கிற முடி வைட்டமினையும் போட ஆரம்பிச்சேன். வைட்டமின்தானே, டாக்டர்கிட்ட சொல்லணும்னு தோணவே இல்ல.

அப்புறம் ரத்தம் எடுத்தப்போ டிஎஸ்எச் ரொம்பக் கீழ இருக்குன்னாங்க. அப்படின்னா தைராய்டு மருந்து கூடிப்போச்சாம். குறைச்சாங்க. முகம் வீங்குச்சு, குளிர் நடுக்குச்சு, முடி கொத்துக் கொத்தா வந்துச்சு. வைட்டமினை ரெண்டாக்கினேன். மறுபடி டெஸ்ட், மறுபடி கீழ, மறுபடி குறைச்சாங்க.

"டாக்டர், நடக்கவே முடியல."

"ரிசல்ட்ல அப்படி இல்லையே ஆன்டி. ஸ்ட்ரெஸ்ஸா இருக்கும் லா."

ஒரு நாள் பண்டமாரான் சிக்னல்ல கண்ணு சொருகிடுச்சு. பின்னால அத்தனை பிள்ளைங்க! ஹார்ன் சத்தத்துலதான் முழிச்சேன். அன்னியோட வேன் ஓட்டுறதை விட்டேன். சந்நிதியில உக்காந்து, "முருகா, என் உடம்பைப் பத்தி எனக்கே தெரியலேங்கிறாங்க. நான் என்னப்பா செய்வேன்"னு கதறினேன். வேற வழி தெரியல. தைப்பூசத்துக்கு விரதம் எடுத்தேன்.

முதல் நாளே வீட்டுக்காரர் வைட்டமின் போத்தலைத் திருப்பிப் பார்த்தாரு. "ஏய், இந்த மாத்திரையோட மேலுறை ஜெலட்டின். மாட்டெலும்புல செஞ்சதா இருக்கும். விரதத்துல இதையா முழுங்குவ?"

அய்யோன்னு அப்படியே தூக்கி வச்சேன். தைராய்டு மாத்திரையை மட்டும் விடல.

மூணு வாரம் கழிச்சு டெஸ்ட். டாக்டர் ரிசல்ட்டைப் பார்த்தாங்க, என்னைப் பார்த்தாங்க. "டிஎஸ்எச் எக்கச்சக்கமா ஏறியிருக்கே! என்ன மாத்துனீங்க?"

"ஒண்ணும் மாத்தல டாக்டர். விரதம்னு முடி வைட்டமினை நிறுத்தினேன்."

அப்பத்தான் டாக்டருக்கு விளங்குச்சு. அந்த வைட்டமின்ல இருக்கிற பயோட்டின்ங்கிற சத்து டெஸ்டையே ஏமாத்தியிருக்கு. மருந்து பத்தாமக் கிடந்த எனக்கு, மருந்து கூடுதல்னு காட்டியிருக்கு. "சாரி ஆன்டி, நீங்க சொன்னதுதான் சரி"ன்னாங்க டாக்டர். அந்த ரூம்லயே தேம்பித் தேம்பி அழுதேன்.

பழைய அளவு மருந்தையே திரும்பக் குடுத்தாங்க. இன்னும் முழுசாத் தேறல. ஆனா இப்ப எதை முழுங்கினாலும் டாக்டர்கிட்ட சொல்லிடுறேன். நீங்களும் சொல்லுங்க. சொல்லியும் யாரும் கேக்கலேன்னா முருகன் காலைப் பிடிங்க. எனக்கு வேலும் தெரியல, மயிலும் தெரியல. ஒரு மாட்டெலும்பு உறையைக் காட்டித்தான் அவன் என்னைக் காப்பாத்தினான்.