செம்மங்குப்பத்துக்கு ஒரு பாட்டில் தெளிந்த தண்ணீர்

2008 மே மாதம், அக்னி நட்சத்திரம் கொளுத்திக்கொண்டிருந்தபோது சிதம்பரத்திலிருந்து கடலூர் பக்கமுள்ள செம்மங்குப்பத்துக்கு ஒருநாள் போய்வந்தேன். சுற்றிப் பார்க்க அல்ல. அங்கே அக்கா வீட்டு போர்வெல் தண்ணீரை நல்லதாக்கித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். அது முடியாது என்பதை நேரில் சொல்லப் போனேன். சோதனைக்குத் தண்ணீர் சுமந்து அலையும் ஆய்வு மாணவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

அந்தத் தண்ணீர் மஞ்சளாக இருக்கும், மருந்து நாற்றம் அடிக்கும். எதனால் என்பதற்கு ஊரில் ஆளுக்கொரு பேச்சு, நான் அதற்குள் போகவில்லை. குடிக்க லாரித் தண்ணீர்தான். மாமா பண்ருட்டியில் முந்திரி மண்டியில் வேலை பார்க்கிறார். அங்கேயே ஒரு வாடகை வீடு பார்த்து வைத்துவிட்டார். அக்காதான் அசையவில்லை. நகையை விற்றுக் கட்டிய வீடு. "எந்தம்பி வைரம் வெச்சி தண்ணிய சரி பண்றான்" என்று தெரு முழுக்கச் சொல்லியிருந்தாள்.

வைரம் என்றதும் மூக்குத்தியை நினைக்காதீர்கள். சிதம்பரத்தில் எங்கள் ஆய்வகத்தில் இருப்பது தீப்பெட்டி அளவு தகடு. அதன்மேல் போரான் என்ற தனிமம் கலந்து வளர்த்த மெல்லிய வைரப் படலம், தோசைக்கல் மாதிரி கறுப்பு. சாதாரண வைரத்தில் மின்சாரம் பாயாது, இதில் பாயும். தண்ணீருக்குள் மின்சாரம் செலுத்தும் மற்ற மின்முனைகள் அரித்துப்போகிற இடத்திலும் இது தாங்கும். கரைந்திருக்கும் கழிவைக் கரியமில வாயுவாக்கும்வரை விடாது. கேனில் கொண்டுவந்த அக்கா வீட்டுத் தண்ணீரில் இதை வைத்து மின்சாரம் கொடுத்தேன். சாயங்காலத்துக்குள் மஞ்சள் போனது, நாற்றமும் போனது. வெட்கமில்லாமல் தனியாக நின்று கைதட்டினேன்.

பிறகுதான் சோதனை முடிவு வந்தது. கடலோரத் தண்ணீர், உப்பு ஜாஸ்தி. அந்த உப்பையும் வைரம் சும்மா விடவில்லை. அதிலிருந்த குளோரைடை பெர்குளோரேட் என்ற நஞ்சாக மாற்றிவிட்டது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, காய்ச்சினாலும் போகாது. தைராய்டைப் பாதிக்கும், கைக்குழந்தைகளுக்கு இன்னும் ஆபத்து. மின்சாரத்தைக் குறைத்தால் நாற்றம் போகவில்லை, கூட்டினால் நஞ்சு கூடியது. எத்தனை தடவை மாற்றிப் பார்த்தும் அதே கதைதான்.

இனி பயணம். மீட்டர்கேஜ் தண்டவாளத்தை அகலப்பாதையாக்கும் வேலை நடந்ததால் அப்போது ரயில் கிடையாது, பஸ்தான். காலை ஏழு மணிக்கு சிதம்பரத்தில் கடலூர் வண்டி ஏறினேன். சுமார் முப்பத்தைந்து கிலோமீட்டர், ஒரு மணி நேரம், பதினோரு ரூபாய். எல்லா வண்டியும் செம்மங்குப்பத்தில் நிற்காது, ஏறும்முன் கேட்டுக்கொள்ளுங்கள். முந்தைய தடவை நாற்றத் தண்ணீர் கேனோடு வந்தபோது கண்டக்டர், "இன்னா கருமம்யா இது, எறங்கு மொதல்ல" என்று விரட்டியிருந்தார். இந்தத் தடவை சுத்தம் செய்த தண்ணீரை மினரல் வாட்டர் பாட்டிலில் எடுத்திருந்தேன். கண்ணால் பார்க்காமல் மாமா எதையும் நம்ப மாட்டார், காட்டித்தான் விளக்க வேண்டும் என்று நினைத்தேன். பஸ்ஸில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

நான் செருப்பைக் கழற்றுவதற்குள் மாமா பாட்டிலை வாங்கி முகர்ந்துவிட்டார். "மச்சான், சாதிச்சிட்டடா! நாத்தமே இல்ல!"

"மாமா, ஒரு நிமிஷம்" என்பதற்குள் அக்கா டம்ளரோடு வந்து ஊற்றிவிட்டாள். முதல் வாயை இடுப்பிலிருந்த குழந்தைக்குக் கொடுக்கப் போனாள். நான் தட்டிவிட்ட வேகத்தில் டம்ளர் வாசல்வரை உருண்டது. குழந்தை வீறிட்டு அழுதது.

சொன்னேன். முழுக்கச் சொன்னேன். "கெணறு வெட்ட பூதம் கெளம்புன கதையா இருக்குதே" என்றார் மாமா. "அந்த வெஷத்த எடுக்க முடியாதா?"

"அதுக்கு வேற மெஷின் வேணும் மாமா. வீட்டுல வெக்கிற மாரி இல்ல."

அக்கா நனைந்த தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நாறுனப்ப கொழந்தகூட கிட்டப் போவாது. இப்புடி ஆக்கிட்டா யாருக்குடா தெரியும்?" என்றாள். பிறகு மாமாவிடம், "பண்ருட்டி வீட்டுக்காரருக்கு போன் பண்ணுங்க" என்றாள். திட்டியிருந்தால்கூட தாங்கியிருப்பேன். சோறு போட்டாள்.

பாட்டிலில் முக்கால்வாசி மிச்சம். அங்கே மண்ணில் கொட்ட மனம் வரவில்லை, மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். ஆலப்பாக்கம் தாண்டியதும் பக்கத்தில் குழந்தையோடு இருந்த பெண், "அண்ணா, பாப்பாவுக்கு ஒரு வாய் தண்ணி குடுங்க" என்றார்.

"இது குடிக்கிற தண்ணி இல்லம்மா."

அவர் பாட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "குடுக்க மனசு இல்லன்னு சொல்லுங்களேன்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். முன் சீட்டிலிருந்து யாரோ வேறு பாட்டிலை நீட்டினார்கள்.

ஆகவே நண்பர்களே, சோதனைத் தண்ணீரைக் குடிநீர் பாட்டிலில் எடுத்துப் போகாதீர்கள். கொட்டை எழுத்தில் 'நஞ்சு' என்று எழுதி ஒட்டுங்கள். கேட்பவருக்குக் கொடுக்க நல்ல தண்ணீர் ஒரு பாட்டில் கூடவே வையுங்கள். சோதனை எல்லாம் முடியும்வரை வீட்டில் யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். வைரத்தை நான் குறை சொல்லவில்லை, அது தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தது. அக்கா அடுத்த வாரமே பண்ருட்டிக்குப் போய்விட்டாள். அந்த பாட்டில் இன்னும் என் மேஜையில் இருக்கிறது. சில நாள் மூடியைத் திறந்து முகர்ந்து பார்ப்பேன், பழைய நாற்றம் கொஞ்சமாவது வராதா என்று.