சாலையில் கிடந்த மாங்கொம்பு

இரவு ஏழு இருபதுக்குக் கைப்பேசி அடித்தது. மகன் முகுந்தனின் எண். பேசியது வேறொருவர், தெலுங்கில். புத்தலப்பட்டு அருகே, மாம்பழக்கூழ் ஆலைக்கு முன்னால் நின்றிருந்த டிராக்டரில் பையன் மோதிவிட்டான், திருப்பதிக்குக் கொண்டுபோகிறார்கள், உடனே வாருங்கள் என்றார். கல்லூரி முடிந்து சித்தூருக்கு, எங்களிடம், பைக்கில் வந்துகொண்டிருந்தவன்.

முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்புகளும் உடைந்திருந்தன. வெளிச்சட்டம் (தோலுக்கு வெளியிலிருந்து கம்பிகளால் எலும்பைப் பிடித்து நிறுத்துவது) பொருத்தினார்கள். எலும்பு சேர்ந்துவிடும் என்றார் மருத்துவர். பாதத் தொங்கல் (முன்பாதத்தைத் தூக்கும் நரம்பு அடிபட்டு, பாதம் கீழே தொங்கிப்போவது) என்ற சொல் அதற்குப் பிறகுதான் வந்தது.

நசுங்கிய நரம்பு நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் வளர்ந்தாலே பெரிது என்றார். பாதம் வரை வந்து சேருமா என்று அவரால் உறுதி சொல்ல முடியவில்லை. “ஆனா தினமும் அவனே தூக்கப் பாக்கணும்மா. இல்லன்னா நரம்பு வர்றதுக்குள்ள மூட்டு இறுகிடும்.”

முகுந்தன் தூக்கப் பார்க்கவில்லை. பயிற்சி கொடுப்பவர் பாதத்தைப் பிடித்தால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வான். கெஞ்சினேன், திட்டினேன். “என் தப்புக்கு வந்தது. விடும்மா” என்றான்.

அப்படி அவன் நினைக்கக் காரணம் உண்டு. எங்கள் பக்கம் மாங்காய்க் காலத்தில் ஆலை வாசலில் டிராக்டர்கள் நாள்கணக்கில் வரிசையில் நிற்கும். பின்விளக்கு இல்லாத வண்டியென்றால், பின்னால் ஒரு மாங்கொம்பைச் சாலையில் போட்டுவைப்பார்கள். வண்டி நிற்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். காவல் நிலையத்தில் எழுதியதும் அதைத்தான். கொம்பு போடப்பட்டிருந்தது. டிராக்டர்காரர் முனிரத்தினம் முப்பது வருடமாக ஓட்டுகிறவர். பையன் உரிமம் வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை, வேகம் வேறு. அவருக்கு விளக்கில்லாததற்கு அபராதம். இவன்மேல் வழக்கு, உரிமமும் போகும் என்றார்கள்.

அவன் மெதுவாக வந்தான் என்று நான் சொல்ல மாட்டேன். வேகத்துக்கான தண்டனையை அவன் ஏற்கத்தான் வேண்டும். ஆனால் இருட்டில் விளக்கில்லாமல் நிறுத்தக்கூடாது என்பது முப்பது வருடம் ஓட்டியவருக்கு இவனைவிட நன்றாகத் தெரிந்திருக்க வேண்டாமா? அனுபவம் ஏன் அவருக்குச் சலுகையாகிறது? எழுதிக்கொண்டிருந்த காவலரிடம் கேட்டேன். “கொம்பு இருந்துது கதாம்மா, இருந்துது இல்ல?” என்றார்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் படுத்திருந்தால் ஒன்று சொல்கிறேன். தாங்கு அச்சு (பாதத்தை நிமிர்த்திப் பிடிக்கும் பிளாஸ்டிக்) போட்டபின் பாதத்தின் மேற்புறத்தைத் தினமும் பாருங்கள். அங்கே உணர்ச்சி இல்லாததால் உரசிப் புண்ணானாலும் அவருக்குத் தெரியாது. நான் தாமதமாகத்தான் பார்த்தேன். என் மகனின் காலில் அவனுக்கே தெரியாத ஓர் இடம் இருக்கிறது என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

வீட்டுக்கு வந்தபிறகு கிழமைகள் குழம்பிப்போயின. நாட்களை மில்லிமீட்டராக நினைக்கப் பழகினேன்.

ஒரு பிற்பகல் முனிரத்தினம் வந்தார். இந்த மாதிரி வழக்குகளில் ராஜி (வழக்கைச் சமாதானமாகப் பேசி முடிப்பது) பேச நாலு பெரிய மனிதர்களோடு வருவார்கள். இவர் தனியாக நின்றார். வாசலிலேயே நிறுத்தினேன்.

“ராஜிக்கு வர்லம்மா. அவன ஒண்ணு கேட்டுட்டுப் போயிர்றேன்.”

உள்ளே விட்டேன். கட்டிலருகே நின்று பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, சொந்த மகனை அழைப்பதுபோலக் கேட்டார். “கொம்பு தெரிஞ்சுதா நைனா?”

“தெரிஞ்சுது.” முகுந்தன் சுவரைப் பார்த்தபடியே சொன்னான். “வர்ற வழியெல்லாம் கொம்புதான் கெடந்துது. மாங்கா லோடு மேல மூடினதுல இருந்து வுழுந்ததுன்னு நெனச்சேன்.”

இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. எங்களில் யாரும் கேட்டதுமில்லை.

முனிரத்தினம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். “என் லோடுலயே எத்தினி வுழுந்துச்சோ. ரோடு பூரா நானே போட்டுக்கினு வந்து, கடைசில ஒண்ண அடையாளம்னு வச்சா, உனுக்கு எப்டித் தெரியும்? இத டேசன்ல சொல்றேன்.”

முகுந்தன் அவர் பக்கம் திரும்பினான். யாரும் சொல்லாமலே பாதத்தைத் தூக்கப் பார்த்தான். தொடை இறுகியது, நெற்றி வேர்த்தது. பெருவிரல்கூட அசையவில்லை.

“அவசரமில்ல நைனா,” என்று எழுந்தார் முனிரத்தினம். “மறுக்கா பாரு. நான் நிக்கிறேன்.”