லென்ஸில் ஒரு சந்தனப் பொட்டு

வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில் நாங்கள் குடியிருந்த காலத்தில், எங்கள் வீட்டில் மிகக் கவனமாகப் பராமரிக்கப்பட்டது நானல்ல, மாமாவின் கமரா. மாமா அம்மாவின் தம்பி, எங்களோடுதான் இருந்தார். கிழமை நாட்களில் கொச்சிக்கடைப் பக்கம் ஒரு கப்பல் கம்பனிக் கந்தோரில் வேலை. சனிக்கிழமைகளில் பாடசாலைப் பையன்களின் ரக்பி ஆட்டங்களைப் படம் பிடிக்கப் போவார். யாரும் அவரை அழைத்ததில்லை. ரக்பி ஆடும் மாதங்களிலேயே கொழும்பில் மழையும் பெய்ததால், சேற்றிலிருந்து லென்ஸைக் காப்பாற்றுவதுதான் படம் பிடிப்பதில் பெரும் பகுதியாக இருந்தது.

அந்தப் பகுதிக்கு மாமா என்னை நியமித்திருந்தார். எனக்குப் பத்து வயது. பேக்கரியில் பாண் வாங்கும் பொலித்தீன் பையில் ஓட்டை வெட்டிக் கமராவுக்குச் சட்டை போடுவேன். குடை பிடிப்பேன். சேறு பட்டால் முதலில் ரப்பர் உருண்டையை அமுக்கிக் காற்றால் ஊதவேண்டும், பிறகு தூரிகை, கடைசியில்தான் துணி. ஊதாமல் துடைத்தால் மணல் கீறிவிடும். நான் குனிந்து பார்த்தால், "பிள்ளை, மூச்சை அங்கால விடு" என்பார். எல்லாவற்றுக்கும் மேலாக, லென்ஸின் முகத்தில் மெல்லிய கண்ணாடியொன்று திருகப்பட்டிருக்கும். மாமா அதைக் காவல் கண்ணாடி என்பார். சேறோ கல்லோ வந்தால் அது வாங்கிக்கொள்ளும், லென்ஸ் தப்பிவிடும். அது இல்லாமல் அவர் மைதானத்தில் ஒரு படமும் எடுத்ததில்லை.

மாமி அந்த வருடந்தான் கலியாணம் முடித்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்தார். சில மாதங்களுக்குள் அவருக்கும் மாமாவுக்கும் கதை பேச்சு நின்றுவிட்டது. சண்டை என்று ஒன்றும் இல்லை. புதுப் பெண்டாட்டியை வீட்டில் விட்டுவிட்டுச் சனிக்கிழமை தோறும் சேறு பார்க்கப் போகிற மனிதரோடு என்ன கதைப்பது என்று மாமி விட்டுவிட்டார். மாமாவோ இன்னும் கவனமாக லென்ஸ் துடைத்தார். கடைசியில், கொட்டாஞ்சேனையிலிருந்த மாமியின் அண்ணன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து தங்கையைக் கூட்டிப்போவதாக முடிவாகியது. நாலு நாளைக்குத்தான் என்றார்கள். பெட்டியில் அடுக்கிய சேலைகளைப் பார்த்தால் நாலு நாள் கணக்காகத் தெரியவில்லை என்று அம்மா அப்பாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

அதற்கு முதல் நாள், சனிக்கிழமை காலை, வீட்டுக்கு நல்லது நடக்கட்டும் என்று அம்மா சந்தனக் கிண்ணத்தோடு வீடு முழுவதும் நடந்தார். நிலைக்கதவு, தையல் மெசின், குளிர்சாதனப் பெட்டி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தார். மாமா பிலிம் வாங்கக் கடைக்குப் போயிருந்தார். மாமி குளித்துக்கொண்டிருந்தார். அம்மா அவர்களுடைய அறைக்குள் நுழைந்து, மேசையிலிருந்த கமராவின் லென்ஸ் மூடியைக் கழற்றினார்.

"என்னம்மா செய்யிறீங்கள்?"

"முதல்ல இதுக்கல்லோ வச்சிருக்கவேணும். இதாலதானே இவ்வளவும்."

"மூடிக்கு மேல வச்சா என்ன?"

"மூடிக்கு வச்சா மூடிக்குத்தான் போகும்" என்று சொல்லி, காவல் கண்ணாடியின் நடுவில் மஞ்சளாக ஒரு பொட்டை அழுத்தி வைத்து, மூடியைத் திரும்பப் போட்டார்.

அன்றைய மழை வேகமில்லாத மழை. மைதானத்தின் எதிர்ப்பக்க மரங்கள் வெள்ளைத் துணிக்குப் பின்னால் நிற்பவை போலத் தெரிந்தன. இரண்டு அணிகளின் நிறங்களும் சேற்றில் மறைந்து, முப்பது பேரும் ஒரே மண்ணால் செய்யப்பட்டவர்கள் ஆகியிருந்தார்கள். அவர்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு குனிந்தபோது முதுகுகளிலிருந்து ஆவி எழும்பியது. சத்தங்கள்கூட நனைந்து பிந்தி வந்தன. எங்களுக்குப் பக்கத்தில் நின்ற தொப்பி போட்ட முஸ்லிம் முதலாளி ஒருவர், மாமா ‘நானா’ என்று கூப்பிடுபவர், என்னைப் பார்த்துவிட்டு மாமாவிடம் சொன்னார்: "என்ன தம்பி, கமராவுக்கு ரெயின்கோட்டு, குடை எல்லாம் இருக்கு. புள்ள மட்டும் நனையுதே?"

"அவ காய்ஞ்சிடுவா, நானா. இது காயாது" என்றார் மாமா.

சிரித்தபடி மூடியைக் கழற்றியவர் அப்படியே நின்றுவிட்டார்.

நான் துணியை நீட்டினேன். "துடைக்கட்டா?"

"தொடாத."

அவர் பொட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கமரா இரவெல்லாம் அவர்களுடைய அறையில்தான் இருந்தது. வீடு முழுக்கப் பொட்டு வைத்த தன் அக்காவின் நினைவு அவருக்கு வந்ததாகத் தெரியவில்லை. "உன்ர மாமி..." என்று தொடங்கினார்.

"மாமா, அது அம்..." என்று நான் சொல்ல, விசில் ஊதிவிட்டார்கள்.

அவர் காவல் கண்ணாடியை விளிம்பில் பிடித்துத் திருகிக் கழற்றினார். பொட்டில் விரல் படாமல் அதை பிலிம் வந்த வெற்றுப் பெட்டிக்குள் நிறுத்தி வைத்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். லென்ஸ் முகம் திறந்து நின்றது.

"மாமா, காவல் கண்ணாடி!"

"பரவாயில்லை, குடையைப் பிடி."

ஒரு துணித் துடைப்பில் முடிந்திருக்க வேண்டிய காரியம். நான் அதிர்ந்துபோனேன். எல்லைக் கோட்டருகே பையன்கள் குவியலாகச் சறுக்கி வந்தபோது, ஒரு பையனின் சப்பாத்துக் கால் கிளப்பிய சேறு நேராக லென்ஸில் வந்து அப்பியது. நான் ரப்பர் உருண்டையை எடுப்பதற்குள் மாமா தன் சட்டை விளிம்பால் துடைத்துவிட்டு அடுத்த படத்தை எடுத்தார். ஊதவில்லை. தூரிகையும் இல்லை. அந்தப் பிலிமின் படங்கள் சில என்னிடம் இருக்கின்றன. கீறலில் வெளிச்சம் சிதறியதால், தண்ணீருக்கடியில் ஓடுபவர்கள் போலப் பையன்கள் மெதுவாக மிதக்கிறார்கள். அவர் எடுத்தவற்றில் அழகானவை அவையே.

பஸ்ஸில் வரும்போது ஒரு கையால் கம்பியையும் மறு கையால் சட்டைப் பையையும் பிடித்துக்கொண்டு வந்தார்.

மாமி குசினியில் அம்மாவுக்கு மாக்குழைக்க உதவிக்கொண்டிருந்தார். மாமா சேற்றுக் காலோடு உள்ளே போய்ப் பிலிம் பெட்டியைத் திறந்து நீட்டினார். "நீர் வச்ச பொட்டு. அழியேல்லை, பாரும்."

மாமி கண்ணாடியைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். அம்மா மாவைப் பார்த்தார்.

"அப்ப லென்ஸ்?" என்றார் மாமி. மாமாவிடம் அவர் கேள்வி கேட்டு எத்தனையோ நாள் ஆகியிருந்தது.

"கீறிப்போச்சு."

"ஐயோ, இதைத் துடைச்சுப்போட்டு எடுத்திருக்கலாமே!"

"துடைக்க மனம் வரேல்லை."

எனக்குப் பொறுக்கவில்லை. "அம்மாதானே அதை..."

"நீ முதல்ல போய்க் காலைக் கழுவு" என்றார் அம்மா. "வீடு முழுக்கச் சேறு!"

மாமாவின் கால் என்னுடையதைவிட மோசமாக இருந்தது. நான் கழுவிவிட்டு வந்தபோது, மாமா லென்ஸைப் பிடித்திருக்க, மாமி என்னுடைய ரப்பர் உருண்டையை அமுக்கி ஊதிக்கொண்டிருந்தார். தவறான கோணத்தில் ஊதினார். மாமா திருத்தவில்லை.

மறுநாள் மாமியின் அண்ணன் வந்தார், மத்தியானம் சாப்பிட்டார், தங்கையோடு தனியாகக் கொஞ்ச நேரம் கதைத்துவிட்டு, வந்த மாதிரியே ஒற்றை ஆளாக பஸ் ஏறினார். அம்மா வாசலில் நின்று கையாட்டினார். கறிக்கு உப்புப் போட்டது தான்தான் என்பதைக்கூட நாலு பேர் அறியச் சொல்லுகிறவர் அம்மா. பொட்டைப் பற்றி அன்றும் ஒரு சொல் சொல்லவில்லை. அவருடைய முகம் மட்டும் பரிசு வாங்கிய பிள்ளையின் முகம் போல இருந்தது.

சரியான தகவல் என்னிடம் இருந்தது. நடந்ததை நேரில் பார்த்தவள் நான் ஒருத்திதான். அதைக் கேட்க அந்த வீட்டில் ஒருவருக்குமே ஏன் விருப்பமில்லை என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.